தேன் வீட்டில் சேர்ந்த குடும்பம்

(நமது கூட்டமைப்பின் மகளிர் தின விழாவில், குழு உறுப்பினரும் ஓய்வு பெற்ற நடுநிலைப் பள்ளி ஆசிரியையுமான சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. பேசியதைப் பேசியபடியே, கொஞ்சம் சுருக்கித் தந்திருக்கிறோம்.)



போன வருஷம் இதே இடத்தில் கறவை மாட்டுக் கடன் பற்றிப் பேசச் சொன்னாங்க. பேசினேன். பாதிப் பேர் தூங்கிட்டீங்க. அதனால் இந்த வருஷம் ஒரு கதை சொல்லப் போறேன். நான் எழுதின கதை இல்லை. அமெரிக்காவில் சூ மங்க் கிட் என்கிற பெண் எழுதின நாவல். 2002-ஆம் வருஷம் வந்தது. 'தி சீக்ரெட் லைஃப் ஆஃப் பீஸ்' என்று பெயர். தேனீக்களின் ரகசிய வாழ்க்கை என்று அர்த்தம். 2008-ல் சினிமாவாகவும் எடுத்தாங்க. என் பேத்தி கல்லூரி விடுதியிலிருந்து வந்தபோது வீட்டில் விட்டுட்டுப் போன புத்தகம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றரை மாசம் படித்தேன். அத்தனை நாளும் அந்த வீட்டுப் பெண்கள் என் அடுப்படியில் வந்து உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

கதை நடப்பது 1964-ஆம் வருஷம், அமெரிக்காவில் தெற்கு கரோலினா என்கிற மாநிலத்தில். அந்தக் காலத்தில் அங்கே வெள்ளைக்காரங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம், கருப்பின மக்களுக்கு வேறு பள்ளிக்கூடம். ஓட்டலில் சேர்ந்து உட்கார முடியாது. தண்ணி குடிக்கிற குழாய்கூட வேற வேற. நமக்கு இதைப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதில்லை. தனி டம்ளர் என்றால் என்ன என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

லில்லி என்று ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு. பதினாலு வயசு. அம்மா இல்லை. நாலு வயசில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை நடக்கும்போது, கீழே கிடந்த துப்பாக்கியை இந்தக் குழந்தை கையில் எடுக்க, அது வெடித்து அம்மா செத்துப் போனாள். அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டே வளர்கிறாள். அப்பனுக்குப் பீச் பழத் தோட்டம். மகா முரடன். சின்னத் தப்புக்கும் சோள நொய்யைத் தரையில் கொட்டி, அதுமேல் மணிக்கணக்காக முட்டி போட வைப்பான். நம்ம பக்கம் உப்பு மேல் முட்டி போட வைப்பாங்களே, அதே கதைதான்.

அவளை வளர்த்தது ரோஸலீன் என்கிற கருப்பினப் பெண். தோட்டத்தில் பழம் பறிக்கிற கூலியாக இருந்தவளை, அம்மா செத்த பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்குக் கூட்டி வந்தான் அப்பன். சம்பளக்காரிதான். ஆனா அந்தக் குழந்தை அம்மான்னு மடியில் சாய்ந்த ஒரே ஆள் அவள்.

ரோஸலீன் எழுதிய பெயர்

1964 ஜூலை 2-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் குடிமை உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போடுகிறார். கருப்பின மக்களை ஒதுக்கி வைக்கக் கூடாது என்கிற சட்டம். ரோஸலீன் அதை டிவியில் பார்க்கிறாள். பார்த்துவிட்டு சும்மா இருக்கவில்லை. ஓட்டுப் பதிவு பண்ணப் போறேன் என்கிறாள். அங்கே கருப்பின மக்களின் ஓட்டுரிமையை நிறம் காட்டி மறுக்கக் கூடாது என்று 1870-லேயே அரசியல் சட்டத்தில் எழுதி வைத்தாச்சு. ஆனால் பதிவு பண்ணப் போனால், எழுதப் படிக்கத் தெரியுமா, இந்தச் சட்டப் பிரிவுக்கு விளக்கம் சொல்லு என்று ஆயிரம் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவாங்க. அதனால் ரோஸலீன் என்ன செய்கிறாள் தெரியுமா? ஒரு காகிதத்தில் தன் பேரைக் கூட்டெழுத்தில் திரும்பத் திரும்ப எழுதிப் பழகுகிறாள். இருபது, இருபத்தைந்து தடவை. லில்லி பார்த்ததும் வெட்கப்பட்டு கையால் மறைக்கிறாள்.

அக்கா தங்கைகளே, அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் குழு ஆரம்பித்த வருஷம் ஞாபகம் வந்தது. பதினாறு பேரில் ஒன்பது பேர் கைநாட்டு. தீர்மான நோட்டு முழுக்க ஊதாக் கட்டைவிரல். வங்கிக்குப் போவதற்கு முந்தின நாள் ராத்திரி, மண்ணெண்ணெய் விளக்கில், என் மகனுடைய சிலேட்டில் பேர் எழுதிப் பழகினவங்க இந்தக் கூட்டத்தில் இருக்காங்க. புருஷன் பார்த்தால் சிரிப்பான்னு முந்தானையால் சிலேட்டை மூடினவங்களும் இருக்காங்க. பேர் சொல்ல மாட்டேன், சிரிக்காதீங்க.

பேர் விஷயம் சாதாரண விஷயம் இல்லை. நம்ம நாட்டில் 1951-52-ல் முதல் பொதுத் தேர்தல் வந்தது. வாக்காளர் பட்டியல் எடுக்கப் போனால், பல பெண்கள் தன் பேரைச் சொல்லவில்லை. இன்னாருடைய பெண்டாட்டி, இன்னாருடைய அம்மா என்றுதான் சொன்னாங்க. அப்படிச் சொன்னதால் சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டாங்க. பெரும்பாலும் வடமாநிலங்களில்தான். ஆனாலும் நினைத்துப் பாருங்க. ஓட்டு இருந்தது, ஆள் இருந்தாள், பேர் இல்லை.

ரோஸலீன் ஊருக்குள் நடந்து போகிறாள். வழியில் மூணு வெள்ளைக்காரங்க கேலி பண்றாங்க. அவள் வாயில் எப்பவும் பொடி. எச்சில் துப்ப ஒரு குடுவை வைத்திருப்பாள். அதை அப்படியே அந்த ஆளுங்க பூட்ஸ் மேல் ஊற்றிவிடுகிறாள். அடி, உதை. போலீஸ் பிடித்தது அவளைத்தான். லாக்கப்பிலும் அடித்து, மண்டை உடைந்து, ஆஸ்பத்திரியில் போடுறாங்க. லில்லி அங்கே போய் அவளைத் தப்பிக்க வைத்து, ரெண்டு பேருமாக ஊரைவிட்டு ஓடுறாங்க.

எங்கே போவது? அம்மாவின் சாமான்களில் ஒரு சின்னப் படம் இருந்தது. கருப்பு நிறத்தில் மாதா படம். பின்னால் டிபுரான் என்று ஒரு ஊர்ப்பேர். அந்த ஒரு பேரை வைத்துக்கொண்டு போறாங்க. அங்கே மளிகைக் கடையில் தேன் பாட்டில் அடுக்கி இருக்கிறது. பாட்டில் மேல் ஒட்டின லேபிளில் அதே கருப்பு மாதா. இந்தத் தேன் யாருது என்று விசாரித்து, ஒரு ரோஸ் நிற வீட்டு வாசலில் போய் நிற்கிறாங்க.

மாசத்தின் பேர் வைத்த அக்கா தங்கைகள்

அந்த வீட்டில் மூணு கருப்பினச் சகோதரிகள். மூத்தவள் ஆகஸ்ட், அடுத்து ஜூன், அப்புறம் மே. நம்ம ஊரில் ஆடியில் பிறந்தவளுக்கு ஆடியம்மான்னு வைத்த மாதிரி! மேயோடு இரட்டையாகப் பிறந்த ஏப்ரல் என்று ஒருத்தி இருந்தாள். சின்ன வயசிலேயே மனசு உடைந்து உயிரை விட்டுவிட்டாள். அதிலிருந்து மேக்கு உலகத்தில் யாருக்கு வலித்தாலும் தனக்கே வலிக்கும். பேப்பரில் எங்கேயோ ஒருத்தரைச் சுட்டுட்டாங்க என்று செய்தி வந்தால், அடித்தது இவளை என்கிற மாதிரி அழுவாள். அவளுக்காக வீட்டுக்குப் பின்னால் கல்லு மேல் கல்லாக அடுக்கி ஒரு சுவர். துக்கத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அந்தக் கல் இடுக்கில் செருகிவிட்டு வருவாள். வந்த பிறகு கொஞ்சம் நிம்மதி.

வீட்டுக்கு ஏன் அந்த ரோஸ் நிறம் தெரியுமா? கடையில் மே அந்த நிறத்தைப் பார்த்து ஆசைப்பட்டாள். ஆகஸ்டுக்கு அந்த நிறம் பிடிக்கவே பிடிக்காது. தங்கச்சி மனசு சந்தோஷப்படுதே என்று அடித்துவிட்டாள். இந்த ஒரு சங்கதி போதும், ஆகஸ்ட் எப்பேர்ப்பட்ட மனுஷி என்று தெரிந்துகொள்ள.

லில்லி பொய் சொல்கிறாள். அப்பா அம்மா ரெண்டு பேரும் செத்துட்டாங்க, அத்தை வீட்டுக்குப் போய்க்கொண்டு இருக்கிறோம் என்று. ஆகஸ்டுக்குப் பொய் என்று தெரியும். லில்லியின் முகத்தைப் பார்த்ததுமே யார் பிள்ளை என்றுகூட அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லில்லியின் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் வீட்டில் வேலைக்காரியாக இருந்து அவளை வளர்த்தவளே இந்த ஆகஸ்ட்தான். ஆனாலும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தேன் பிழிகிற கொட்டகையில் ரெண்டு கட்டில் போட்டுக் கொடுத்து, நாளைக் காலையிலிருந்து வேலை கத்துக்கோ என்கிறாள். பிள்ளை தானாக வாயைத் திறக்கட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருக்கிறாள்.

அந்த வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லணும். மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பெட்டி வைத்து தேன் எடுப்பதைச் சிலர் பார்த்திருப்பீங்க. பெட்டிக்குள் வேலை செய்கிற தேனீ எல்லாமே பெண்தான். ஆண் தேனீ வேலை எதுவும் செய்யாது. (இங்கே கை தட்டுவீங்கன்னு தெரியும்.) வேலைகூட வயசுப்படி பிரிந்திருக்கும். பிறந்த கையோடு அறையைச் சுத்தம் செய்யும். அப்புறம் குஞ்சுகளுக்குத் தீனி கொடுக்கும். அப்புறம் மெழுகு கட்டும், வாசலில் காவல் நிற்கும். சுமார் மூணு வாரம் கழித்துத்தான் வெளியே பறந்து பூவுக்குப் போகும். வேலை மும்முரமான காலத்தில் மொத்த ஆயுசே ஆறு வாரம். வேறு பெட்டித் தேனீ வழி தவறி வந்தால் காவல்காரி மோந்து பார்த்துத் துரத்தும். ஆனால் தேனை நிறையச் சுமந்துகொண்டு வந்தால் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். கை நிறைய கொண்டு வந்தவளுக்குத் தேனீயும் வழிவிடும். ஆகஸ்ட், ஒண்ணுமே கொண்டு வராதவளுக்கு வழிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் வருவாங்க. கிழவி, நடுவயசு, இளசு எல்லாம். தலையில் பெரிய பெரிய தொப்பி. கூடத்தில் ஒரு கருப்பு மரச் சிலை. பழைய கப்பலின் முகப்பில் இருந்த சிலை. அதுதான் அவங்களுக்கு மாதா. கும்பிடுவாங்க, பாடுவாங்க, சாப்பிடுவாங்க, ஊர்க்கதை பேசுவாங்க. வெள்ளிக்கிழமை நம்ம குழுக் கூட்டம் மாதிரி என்று வைத்துக்கோங்க. சந்தா வசூல்தான் இல்லை.

ஜூன் ஏன் முகம் கொடுக்கவில்லை?

எல்லாம் தேனாக இனித்தால் அது பொய்க்கதை. நடுத் தங்கச்சி ஜூனுக்கு லில்லியைப் பிடிக்கவே இல்லை. 'இவள் வெள்ளைக்காரி ஆச்சே' என்று அக்காவிடம் சண்டை போடுகிறாள். லில்லி அதை ஒட்டுக் கேட்டுவிடுகிறாள். படிக்கிறபோது எனக்கு முதலில் ஜூன் மேல் கோபம் வந்தது. அனாதைப் பிள்ளையிடம் இப்படியா என்று. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். படித்த அக்கா. வேறு நல்ல வேலை கொடுக்க மாட்டேன் என்று அந்தச் சமூகம் சொன்னதால், இந்தப் பிள்ளையின் பாட்டி வீட்டில் எடுபிடி வேலை பார்த்தாள். அந்த அவமானத்தைப் பார்த்த தங்கச்சிக்குக் கோபம் வராதா? ஜூன் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை எழுத்தாளர் மறைக்கவில்லை.

லில்லிக்கும் பாடம் உண்டு. நல்ல பிள்ளைதான், ரோஸலீனுக்காக ஜெயிலுக்கே துணிந்தவள். ஆனாலும் ஒரு கருப்பினப் பெண் இவ்வளவு படித்தவளாக, அறிவாளியாக இருக்க முடியுமா என்று ஆகஸ்டைப் பார்த்து ஆச்சரியப்படுகிறாள். ஆச்சரியப்பட்டதும் தனக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கே உறைக்கிறது. நம்மிலும் எத்தனை பேர் ஒரே பாயில் உட்கார்ந்து சேமிப்பு கட்டிவிட்டு, காலனியில் இருக்கும் உறுப்பினர் வீட்டில் கூட்டம் என்றால் மட்டும் அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல் வந்துவிட்டது என்போம்? நானும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அந்தத் தீர்மான நோட்டில் என் பேருக்கு நேரே 'உடல்நலக் குறைவு' என்று எழுதியிருக்கும். பொய்.

ஜூனுக்கும் லில்லிக்கும் சமாதானம் எப்படி வந்தது என்றால், பேச்சுவார்த்தையில் வரவில்லை. ஒரு நாள் கொளுத்துகிற வெயிலில் எல்லாரும் தண்ணிக் குழாயைத் திருப்பி ஆட்டம் போடுறாங்க. ஜூன் மேல் தண்ணி பட்டு, ரெண்டு பேரும் குழாய்க்காகப் பிடித்து இழுத்து, கடைசியில் கட்டிப் பிடித்துச் சிரிக்கிறாங்க. அவ்வளவுதான்.

எனக்கு ஒரு குறையும் உண்டு. ஊரெல்லாம் கருப்பின மக்கள் போராடுகிற காலத்தில், அந்தப் பெண்கள் எல்லாருடைய அன்பும் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையைத் தேற்றுவதற்கே போகிற மாதிரி சில இடத்தில் தோன்றுகிறது. ரோஸலீனுக்கு என்ன கனவு, என்ன ஏக்கம் என்று இன்னும் நாலு பக்கம் எழுதியிருக்கலாம். எழுதினவரும் அந்தத் தெற்குப் பகுதியிலேயே, ஜார்ஜியா மாநிலத்தில் 1948-ல் பிறந்த வெள்ளைக்காரப் பெண்தான். தன் பக்கத்திலிருந்து தெரிந்ததை எழுதியிருக்கிறார்.

நடுவில் ஒரு பெரிய துக்கம். தேன் வேலைக்கு வரும் ஸாக் என்கிற கருப்பின இளைஞனை அநியாயமாகப் போலீஸ் பிடித்துவிடுகிறது. மேயிடம் சொல்லாமல் மறைக்கிறாங்க. தெரிந்ததும் அவளால் தாங்க முடியவில்லை. ஆற்றில் இறங்கிவிடுகிறாள். அந்த வீட்டில் சாவு விழுந்தால் தேன் பெட்டிகளுக்கும் கருப்புத் துணி போர்த்துறாங்க. எஜமானி வீட்டுத் துக்கத்தில் தேனீக்கும் பங்கு. மேயின் உடலுக்குப் பக்கத்தில் லில்லியும் ரோஸலீனும் சொந்தக்காரங்க மாதிரியே உட்கார்ந்து கண் விழிக்கிறாங்க. சாவு வீட்டில் யார் உள்ளே உட்காருவது, யார் திண்ணையில் நிற்பது என்பதில்தானே நம்ம ஊரில் உறவு தெரியும்? அன்றைக்கு ரெண்டு பேரும் உள்ளே உட்கார்ந்தாங்க.

கடைசியில் அப்பன் தேடிக் கண்டுபிடித்து வந்துவிடுகிறான். லில்லியை அடிக்கிறான், இழுக்கிறான். அப்போ ஆகஸ்ட் வருகிறாள். ரோஸலீன் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமைப் பெண்களும் வந்து நிற்கிறாங்க. யாரும் கை ஓங்கவில்லை. ஆகஸ்ட் அமைதியாகச் சொல்கிறாள்: இவள் இங்கே தேனீ வேலை கற்றுக்கொள்கிறாள், எங்களுக்கு உதவியாக இருக்கிறாள், இங்கேயே இருக்கட்டும், நாங்க பார்த்துக்கொள்கிறோம். அவன் அத்தனை பேர் முகத்தையும் பார்க்கிறான். விட்டுட்டுப் போய்விடுகிறான். ரோஸலீனும் முடிவில் போய் ஓட்டுப் பதிவு பண்ணிவிட்டு வருகிறாள். அந்தப் பேரை எழுதிவிட்டாள்.

நிலம் யார் பேரில்?

இதைப் படித்து முடித்ததும் என் பேத்தி போனில் கேட்டாள், 'என்ன ஆயா, ரத்த சொந்தத்தைவிட அன்புதான் பெருசு, அதானே கதை?' நான் யோசித்தேன். ஆமா என்று சொல்ல வாய் வரவில்லை.

அன்பு ரோஸலீனிடமும் இருந்தது. லில்லியை அவள் உயிராக வளர்த்தாள். ஆனால் அந்த அப்பன் வீட்டில் ரோஸலீனால் 'நொய்யில் முட்டி போட வைக்காதே' என்று தடுக்க முடியவில்லை. 'என்னோடு வா' என்று கூப்பிட அவளுக்கு ஒரு கூரை இல்லை. ஆகஸ்டால் 'இங்கேயே இரு' என்று சொல்ல முடிந்தது. ஏன்? பாட்டி வழியாக வந்த நிலம் அவள் கையில். வீடு அவளுது. தேன் பெட்டி, தேன் கொட்டகை, லேபிள், கடைக்குப் போகிற சரக்கு எல்லாம் அவளுது. கல்யாணம்கூட வேண்டாம் என்று இருந்தாள், தன் சுதந்திரம் பெருசு என்று. அப்பன் வாசலில் வந்து நின்றபோது, அவள் நின்றது தன் வாசலில்.

இப்போ நம்ம குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். சொல்லணும் என்றுதான் இந்தக் கதையையே எடுத்தேன்.

எங்கள் குழுவில் ஒரு பெரியம்மா இருந்தாங்க. பிள்ளை இல்லை, புருஷன் போய் ரொம்ப வருஷம். இட்லிக் கடை போட்டுச் சிறுகச் சிறுகச் சேர்த்து, மூணு சென்ட் இடம் வாங்கி, ஓட்டு வீடு கட்டினாங்க. பத்திரம் அவங்க பேரில். எங்கள் குழுவிலேயே வேறு தெருவிலிருந்து ஒரு பொண்ணு, புருஷன் விட்டுட்டுப் போனவள், கையில் பெண் குழந்தை. பெரியம்மா அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாங்க. வேறு தெரு என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். ஊர் பேசியது. நானே போய், 'எதுக்குப் பெரியம்மா ஊர் வாயில விழறீங்க?' என்று கேட்டேன். 'ஊரா வந்து எனக்குக் கஞ்சி ஊத்தப் போவுது?' என்றாங்க.

ஒன்பது வருஷம் அந்த மூணு பேரும் ஒரு வீடு. அந்தப் பொண்ணு 'அத்தை, அத்தை' என்று சுற்றி வருவாள். குழந்தை 'அப்பத்தா' என்று கூப்பிடும். விடிகாலை மூணு மணிக்கு மாவுப் பாத்திரத்தை இவள்தான் தூக்குவாள். பெரியம்மா கடைசி ரெண்டு வருஷம் படுக்கையில் இருந்தபோது மலம் அள்ளினதும் இவள்தான்.

பெரியம்மா போனாங்க. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், புருஷனுடைய அண்ணன் பிள்ளைகள் வந்தாங்க. பூட்டுப் போட்டாங்க. அந்தப் பொண்ணும் பிள்ளையும் பாத்திரம் பண்டத்தோடு தெருவில். நாங்க பதினைந்து பேரும் போய் நின்றோம். ஞாயம் பேசினோம். 'நீங்க யாரு? அவ யாரு? என்ன உறவு?' என்று கேட்டாங்க. எங்களிடம் பதில் இல்லை. வக்கீலிடம் போனோம். எதாவது எழுதி வைத்தாங்களா என்றுதான் அவர் முதலில் கேட்டார். இல்லை. ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் இதுதான்: ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சொந்தமாகச் சம்பாதித்த சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் புருஷனுக்கும் போகும். அவங்க இல்லை என்றால் புருஷனுடைய வாரிசுகளுக்குப் போகும். அவளைப் பெற்ற அப்பா அம்மா அதுக்கும் பிறகுதான். இட்லி சுட்டுச் சேர்த்த காசு, வாழ்நாளில் எட்டிப் பார்க்காத கொழுந்தன் மகன்களுக்கு. வளர்த்த பொண்ணு அந்த வரிசையிலேயே இல்லை.

உயில் எழுதுவது கஷ்டமா? வெள்ளைத் தாள் போதும். முத்திரைத் தாள் வேண்டியதில்லை. தன் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், ரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். சொத்து வாங்கப் போகிற ஆளையே சாட்சியாகப் போடாதீங்க, பிறகு வம்பு. பதிவு செய்வது கட்டாயம் இல்லை, ஆனால் செய்துவிட்டால் நல்லது. மனசு மாறினால் எப்போ வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். வங்கிக் கணக்கில் நாமினி போட்டாச்சே என்று சும்மா இருக்காதீங்க. நாமினி பணத்தை வாங்கிக் கொள்கிற ஆள்தான். சட்டப்படி வாரிசு கேட்டு வந்தால் கொடுக்க வேண்டி வரலாம்.

அத்தனை வருஷம் வாரா வாரம் உட்கார்ந்தோம். பினாயில் வியாபாரம் முதல் ஊறுகாய் பயிற்சி வரை தீர்மானம் போட்டிருக்கிறோம். இந்த ஒரு காகிதத்தைப் பற்றி ஒரு நாள் பேசவில்லை. நானும் படித்தவள்தான். பெரியம்மா படுக்கையில் கிடந்தபோது எத்தனை தடவை போய்ப் பார்த்தேன்! சாவைப் பற்றி எப்படிக் கேட்பது என்று வாயை மூடிக்கொண்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு வந்தேன்.

அந்தப் பொண்ணு இப்போ பக்கத்து ஊரில் வாடகைக்கு இருக்கிறாள். இட்லிக் கடைதான் போட்டிருக்கிறாள். குழந்தை ஒன்பதாவது படிக்கிறது. பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னாங்களாம். 'எங்கள் அப்பத்தா இட்லிக் கடை வைத்திருந்தார்' என்று ஆரம்பித்து எழுதியிருந்தது. காட்டினாள். படித்தேன்.

இந்த ஜனவரியில் எங்கள் குழுவின் இன்னொரு அம்மா, எழுபது வயசு, கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாங்க. தையல் மிஷினும், ரெண்டு ஆடும், குடியிருக்கிற வீடும் இருக்கு, கூட இருந்து பார்த்துக்கிற பொண்ணுக்கு எழுதணும் என்றாங்க. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, 'அடுத்த மாசம் பார்க்கலாம்மா, என் தம்பி மவன் ஊருக்கு வந்திருக்கான்' என்று போய்விட்டாங்க. ரெண்டு மாசம் ஆச்சு. ஆகஸ்ட் மாதிரி, அவங்களாக வரட்டும் என்று காத்திருக்கலாம்னு நினைத்தேன். முந்தாநாள் அவங்களுக்கு நெஞ்சு வலி என்று கேள்விப்பட்டேன். அவங்க இன்றைக்குக் கூட்டத்துக்கு வரவில்லை. சாயந்திரம் பஸ் இறங்கினதும் நேராக அங்கேதான் போறேன். சாட்சிக்கு ஒரு ஆள் நான். இன்னொரு ஆள் யார் வர்றீங்க?